தொண்ணூற்றாறுக்குப் பிறகு நூற்றுப் பதின்மூன்று

“மனிதச் சிந்தனையின் வரலாற்றில், இன்று மாலை நான்கு மணி என்பது மறக்க முடியாத மணி!”

துறைத்தலைவர் வகுப்பறையில் இப்படி அறிவித்தபோது மணி மூன்று இருபது. மூலையில் நின்ற மின்விசிறி மட்டும் ஆமோதித்துத் தலையாட்டியது.

விஷயம் இதுதான். ‘இலக்கியம், பண்பாடு, அடையாளம், சமூகம்: மாணவர் பார்வைகள்’ என்ற தொகுப்பு நான்கு மணிக்கு அச்சகத்துக்குப் போகிறது. நாற்பது மாணவர்கள், ஒரே நாவல், ஒரே கேள்வி. தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கோபமாக வீட்டைவிட்டுக் கிளம்புகிற நாயகி, அடுத்த பக்கத்திலேயே திரும்பி வந்துவிடுகிறாள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கணவன் என்ன கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. ஏன்?

முப்பத்தொன்பது பேர் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு அது பண்பாட்டின் மீது விழுந்த அறை. இன்னொருவனுக்கு அடையாளத்தின் அலறல். பேசாதவள் எப்படி அலறினாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மதிப்பெண் குறையும்.

நாற்பதாவது ஆள் பசை. காலையில் புத்தகம் கட்டும் கடையில் வேலை, மதியம் கல்லூரி. விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்திருக்கும் என்பதால் வகுப்பே சேர்ந்து ஒட்டிவிட்ட பெயர்.

“என்னம்மா இது?” தலைவர் அவளுடைய தாளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். “நாலே நாலு வரி! அதுலயும் கடைசி வரி, ‘அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது’!”

“எழுதினப்ப தெரியல சார்.”

“இலக்கியம் படிக்கிற பொண்ணு தெரியலன்னு எழுதலாமா? இருபது வருஷமா இங்க இருக்கேன். ஒரு தடவையாவது நான் தெரியலன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?”

“இல்ல சார். யாருமே கேட்டதில்ல.”

பின்வரிசையில் யாருக்கோ திடீரென்று இருமல் வந்தது.

“தொண்ணூத்தாறுக்கு அப்புறம் நேரா நூத்திப் பதிமூணு வருது சார். நடுவுல பதினாறு பக்கத்தக் காணோம். ஒரே தாள்ல பதினாறு பக்கம் அடிச்சு மடிச்சுத் தைப்பாங்க, அதைப் பாரம்னு சொல்லுவோம். நம்ம புத்தகத்துல ஒரு பாரத்தை வெக்காமயே தெச்சுட்டாங்க. அதைத்தான் முதல் மூணு வரியில எழுதியிருக்கேன்.”

தலைவர் சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“அடி அசடே! பக்க எண்ணையே தாவ விட்டிருக்கார்ம்மா ஆசிரியர். மௌனத்தை எண்ணாலயே எழுதியிருக்கார்! அந்தத் தாவலைப் பத்தித்தான் என்னோட முனைவர் பட்ட ஆய்வே. முந்நூத்தி நாப்பது பக்கம்!”

நாவல் கடைகளில் கிடைப்பதில்லை. நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. நாற்பது பேர் கையிலும் இருந்தது அதன் நகல். தலைவரின் ஆய்வும் அதே பிரதியில் விளைந்ததுதான்.

பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியை குனிந்து கிசுகிசுத்தார். “நாலு வரிய நாலு பக்கமா இழுத்துக் குடுத்துட்டுப் போயேம்மா. நடுநடுவுல ‘விளிம்பு’ன்னு போட்டா போதும், அவர் குளுந்துடுவார். கட்டுரைய ஏத்துக்கலன்னா பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போயிடும்.”

பசையைப் படிக்க வைப்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் நிறுத்தியவள் அக்கா. ஒரு வருஷம் என்பது அக்காவின் வருஷம்.

“போனா போகட்டும் மேடம். இல்லாத பக்கத்தைப் பத்தி நான் எழுத மாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பைக்குள் கைவிட்டாள். ஊசி போட்டுக் கோத்த சில தாள்கள் வெளியே வந்தன.

“இன்னிக்குக் காலையில அட்டை கிழிஞ்சு இதே நாவல் கடைக்கு வந்துச்சு சார். பக்கமெல்லாம் முழுசா இருக்கு. முதலாளிகிட்ட கேட்டு அந்தப் பதினாறு பக்கத்தை நகல் எடுத்துட்டு வந்தேன்.”

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றார் தலைவர், சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு.

“நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே படிங்க சார். இதுல பண்பாடு, அடையாளம், சமூகம், எதாவது ஒண்ணு தட்டுப்பட்டா நாலு மணிக்குள்ள நாப்பது பக்கம் எழுதித் தர்றேன். இல்லன்னா என் நாலு வரியில கையெழுத்துப் போட்டுடுங்க.”

மாணவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிப் பின்வாங்க வழியில்லை.

“கொண்டா! மௌனத்தின் சிகரம் எதுன்னு உங்க எல்லாருக்கும் வாசிச்சே காட்டறேன்!”

மேடைக்குரிய குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றார். “பக்கம் தொண்ணூற்றேழு!” என்று முழங்கினார். முதல் பத்தி கணீரென்று வந்தது. இரண்டாவது பத்தியில் குரல் இறங்கியது. மூன்றாவதில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் இல்லை. தாளைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படித்த இடத்தையே மறுபடி படித்தார்.

பிறகு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, பசையின் நான்கு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

“சார், சிகரம்?” என்றது பின்வரிசை.

உதவிப் பேராசிரியை தாள்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

நாயகி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்; பஞ்சைக் கடித்தபடி விடியும்வரை பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.