சந்தா கட்டிய வீடுகள்

அந்த ஆண்டிலிருந்து புயல் எச்சரிக்கை சந்தா கட்டிய வீடுகளுக்கு மட்டுமே வந்தது. வெளியே சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அன்று காலை எச்சரிக்கை வந்ததும் கிளாடிஸ் தன் கணவனைக் கடலுக்குப் போகவிடவில்லை.

வலையோடு வந்த பக்கத்து வீட்டு இஞ்ஞாசி வாசலில் நின்றான். "அண்ணன் வரலியா மைனி?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். இணைப்பு போய்விட்டால் அடுத்த புயலில் தன் கணவன் கதி என்ன என்ற பயம் வந்தது.

"அவருக்குக் காய்ச்சல்" என்றாள்.

"கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் அவன் உடல் கரை ஒதுங்கியது. அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி பிரகாசி வந்தாள். திட்டப்போகிறாள் என்று கிளாடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சந்தா எங்க கட்டணும்க்கா?" என்று கேட்டாள் பிரகாசி. "எந்தம்பியும் கடலுக்குத்தான் போறான்."