இடது செருப்பு

"நடக்க முடியாதவங்க செருப்பு எப்படிம்மா நனையும்?" என்று கேட்டார் இல்லத்தின் செயலாளர் சுப்புராமன்.

மேற்பார்வையாளர் மட்டுவார்குழலி, வேலம்மாளின் அறை வாசலில் இருந்த செருப்புகளைக் குனிந்து பார்த்தார். வலது செருப்பில் தூசி படிந்திருந்தது. இடது செருப்பு மட்டும் நனைந்து ஊறியிருந்தது. வாரிடுக்கில் காவிரி மணல்.

மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் இதே கதை.

யுத்தத்தில் பர்மாவிலிருந்து ஓடிவந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமாக ஸ்ரீரங்கத்தில் நடந்துவந்த இல்லம் அது. வேலம்மாள் முசிறிக்காரி. காட்டு வழியே நடந்து வந்து, எல்லையைத் தாண்டியதும் விழுந்தவள். காயமில்லை, முறிவில்லை, ஆனால் அதன்பின் எழுந்து நிற்கவே இல்லை.

"எல்லாம் நடிப்பு," என்றார் சுப்புராமன். "நடக்கிறவங்களுக்கு இங்கே இடம் கிடையாது. காட்டூர்ல ஒரு பெரியவர் இடத்துக்குக் காத்துக்கிட்டிருக்கார். நாளன்னிக்குக் காலையில முடிவு சொல்லிடுங்க."

விதியை இம்மியும் வளைக்காதவர் என்று பெயர் வாங்கிய மட்டுவார்குழலி உள்ளே போனார்.

"வேலம்மா, உண்மையைச் சொல்லுங்க. விடியக்காலையில எங்கே போறீங்க?"

"நான் எங்கம்மா போறது?" கிழவி சிரித்தாள். "என் இடது காலு மட்டும் போயிட்டு வருதுங்க."

மட்டுவார்குழலி போர்வைக்குள் கைவிட்டு அந்தப் பாதத்தைத் தொட்டார். ஆற்றில் கிடந்த கல்லைப்போலச் சில்லிட்டிருந்தது. கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"காட்டுல வேண்டிக்கிட்டேன். 'ரங்கா, உசிரோட ஊரு சேத்துடு, மார்கழி முழுக்க உன் காவேரிக்கு நடந்து வரேன்'னு. உடம்பு படுத்துடுச்சு. காலு சொன்ன சொல்லை மறக்கலை. வலதுதான் இன்னும் வீம்பு பண்ணுதுங்க."

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "இந்தப் பேய்க்காலு பக்கத்துல என்னை எதுக்கும்மா போட்டிருக்கீங்க? இடத்தை மாத்துங்க!"

ரங்கூன் துறைமுகத்தில் குண்டு விழுந்தபோது ஒரு காலைப் பறிகொடுத்த சவரிராஜ்.

"முதல்ல உன் இருமலை மாத்துய்யா!" என்றாள் வேலம்மாள்.

மறுநாள் விடியும்போது மட்டுவார்குழலி அந்த அறைக்கு வந்தார். வாசலில் வலது செருப்பு மட்டும் இருந்தது. உள்ளே வேலம்மாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் அசையாமல் கிடந்தன.

ஆற்றுப் பக்கத்துக் கொல்லைக் கதவு திறந்திருந்தது.

பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. மணலில் சுவடு மட்டும் தெரிந்தது. ஒற்றைச் செருப்பின் தடம். பக்கத்தில் வட்டமாய் ஒரு குழி. மறுபடி ஒரு தடம். மறுபடி ஒரு குழி. மனிதர் நடக்கும் நடையாகவே அது இல்லை. தடத்தைப் பின்பற்றித் தண்ணீர் வரை போனார்.

அங்கே, ஊன்றுகோலைப் பிடித்தபடி கணுக்கால் நீரில் நின்றிருந்தார் சவரிராஜ். அந்தச் சின்னச் செருப்புக்கு வெளியே அவருடைய குதிகால் பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்களா?"

அவர் தலைகுனிந்தார். "வேண்டுதல் பாக்கின்னு சோறு இறங்காம கெடந்தாங்கம்மா. இப்பதான் நல்லா சாப்பிடுறாங்க, என்னோட சண்டையும் போடுறாங்க."

"இன்னொரு செருப்பையும் கையில எடுத்து வந்து நனைக்கலாமே?"

"நடந்து வரேன்னுதானே வேண்டியிருக்காங்க? தூக்கிட்டு வந்தா சாமியை ஏமாத்துறதாயிடும். போட்டுக்க எனக்கு அந்தக் காலு இல்லைங்களே."

"செயலாளர் அவங்களை வெளியே அனுப்பப் பார்க்கிறார். உண்மையைச் சொல்லிடறேன்."

சவரிராஜ் பதறினார். "வேணாம்மா! அவங்க காதுக்குப் போயிடும். அப்புறம் அது அவங்க காலு நடந்ததா இருக்காது. இடந்தானே வேணும்? என்னை அனுப்பிடுங்க."

மட்டுவார்குழலி திரும்பி நடந்தார்.

அடுத்த நாள் காலை சுப்புராமன் வந்தார். வாசலைப் பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, இன்னிக்கு ரெண்டுமே நனைஞ்சிருக்கே! இனி என்னம்மா சாட்சி வேணும்?"

"வேலம்மாளால் நடக்க முடியாது. அவங்க இங்கேதான் இருப்பாங்க. இது என் முடிவு."

"அப்போ இது எப்படி நனைஞ்சுது?"

"தெரியாது."

உள்ளேயிருந்து வேலம்மாளின் குரல் தழுதழுத்தது. "அம்மா, வலது காலும் போயிட்டு வந்துடுச்சும்மா!"

தம் வலது குதிகாலில் ஒட்டியிருந்த ஈர மணலைப் புடவைக் கரையால் மெல்ல மறைத்துக்கொண்டார் மட்டுவார்குழலி.