நாலு மணிக்கு குட் மோர்னிங்

சிவப்புத் தொப்பிக்காரர் நெருங்க நெருங்க, ராஜலிங்கம் பத்திரிகையை இன்னும் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஒளிந்துகொள்ள வேறு இடமா இருக்கிறது?

ராஜலிங்கம் கொலையும் செய்யவில்லை, கொள்ளையும் அடிக்கவில்லை. பிலிமத்தலாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார், அவ்வளவுதான். தொப்பிக்காரர் ஒரு வெள்ளைக்காரர். ஆளாளாக வழி கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆங்கில டீச்சர் இடமாற்றம் பெற்றுப் போன அன்றே அதிபர் அந்தப் பாடத்தை ராஜலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் எப்படியோ சமாளித்துவிடுவார். வளர்ந்தவர்களைக் கண்டால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"சேர், நீங்களா?"

பத்திரிகைக்கு மேலால் எட்டிப் பார்த்தது நிரோஷா. அவருடைய மாணவி கவிஷாவின் அம்மா. கவிஷாவும் பக்கத்தில் நின்றாள். மகளைக் கண்டியில் ஆங்கில டியூசனுக்குச் சேர்க்கப்போவதாகப் போன வாரம் சொன்னவளிடம், "நான் இருக்கும்போது டியூசன் எதுக்கு?" என்று நெஞ்சை நிமிர்த்தியவர் இவர். வாய் சும்மா இருந்ததா!

கவிஷா அதற்குள் வெள்ளைக்காரரைக் கை காட்டி அழைத்துவிட்டாள். "எங்க சேருக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்மா, பாருங்க."

வெள்ளைக்காரர் வந்தார். கூட வந்த நாலைந்து வெள்ளைக்காரர்கள் பைகளோடு சற்றுத் தள்ளி நின்று, அவரையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நிரோஷா கண் இமைக்கவில்லை.

ராஜலிங்கம் எழுந்தார். நேரம் பின்னேரம் நாலு மணி.

"குட் மோர்னிங்."

"குட் மோர்னிங்" என்றார் வெள்ளைக்காரரும், கொஞ்சமும் யோசிக்காமல். "வேர் பஸ் நுவரெலியா?"

"யெஸ்."

"தேங்க் யூ."

நிரோஷாவின் முகம் மலர்ந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று ராஜலிங்கம் உட்காரப் போனார்.

வெள்ளைக்காரரோ நகரவில்லை. சட்டைப் பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு போனில் மொழிபெயர்ப்பு அப்பைத் திறந்து, பத்திரிகையின் தமிழ் எழுத்துக்கு மேல் பிடித்து, அவசரமாக ஏதோ தட்டினார்.

ராஜலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. தன் ஆங்கிலத்தின் லட்சணத்தை இவன் இப்போது தமிழிலேயே சொல்லப்போகிறான், அதுவும் நிரோஷாவுக்கு முன்னால். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பது?

வெள்ளைக்காரர் குனிந்து, போனை ராஜலிங்கத்தின் காதோடு சேர்த்து வைத்தார். சுத்தமான தமிழில் ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது.

"ஐயா, தயவுசெய்து ஆங்கிலம் வேண்டாம், பேருந்தைக் கையால் மட்டும் காட்டுங்கள். பின்னால் நிற்பவர்களின் பிள்ளைகளுக்கு நான்தான் ஆங்கில ஆசிரியர்."