நாகையா வீட்டு மோடம்

"உங்களுக்கு ஈவு இரக்கமே கெடையாதா அண்ணாச்சி?"

நாரணாபுரத்தில் நாகையா வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியதுமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டான் முனியராஜ்.

அவன் விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். நாகையாவின் மருமகனுக்குச் சிநேகிதன். சிங்கப்பூரிலிருக்கும் மகள் இசைவாணி, அம்மாவின் முகம் பார்த்துப் பேசட்டும் என்று மருமகன் சொல்லி, இந்த வீட்டில் கம்ப்யூட்டர், கேமரா, பிராட்பேண்ட் எல்லாம் மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"மேகம் கூடுனாலே பிளக்கப் பிடுங்குங்க, போன் வயரையும் சேத்துப் பிடுங்குங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கரண்டு எகிறினா தாங்கட்டும்னு ஸ்பைக் பஸ்டர் வேற போட்டுக் கொடுத்தேன். எல்லாத்தையும் மீறி மோடத்த எரிய விட்டுருக்கீக!"

நாகையா தலையைக் குனிந்துகொண்டார்.

"மறந்துட்டேன் தம்பி. தீவாளிக்கு முன்னால பேஞ்ச இடி மழையில போயிருச்சு."

"தீவாளி முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு! ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னீகளா? இசைவாணி போன் போட்டு அழுவுது. போன தடவ கலைஞ்சுபோய், இப்பதான் ஒண்ணு தங்கியிருக்கு. மாசமா இருக்குற புள்ள, அம்மா மொகத்தப் பாக்கணும்னு ஏங்குது."

"அதான் செல்போன்ல அவ அம்மாகூட தெனமும் பேசுதாளே."

"பேசுறதும் பாக்குறதும் ஒண்ணா? தள்ளுங்க, புது மோடம் கொண்டாந்திருக்கேன். மாட்டிட்டுப் போயிருதேன்."

"வேண்டாம் தம்பி."

"ஏன் வேண்டாம்?"

"வேண்டாம்னா விட்ருங்களேன்." நாகையா வாசலை மறித்துக் கையை நீட்டினார்.

இப்படியும் ஒரு தகப்பனா என்று முனியராஜுக்கு ஆத்திரம் வந்தது. கையை விலக்கிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தது. வயர்களைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. அவனுக்கு ஏதோ உறுத்தியது. பழைய மோடத்தையே மறுபடி மாட்டி, சுவிட்சைத் தட்டினான்.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"அண்ணாச்சி, இது நல்லாத்தான இருக்கு! எதுக்குப் பொய் சொன்னீக?"

நாகையா சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளறையிலிருந்து அவர் மனைவி அய்யம்மாள் வந்தாள். முக்காட்டை விலக்கினாள்.

ஒரு கண் இருந்த இடம் ஒட்டிப்போயிருந்தது. கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் வெந்து, சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது.

முனியராஜ் பின்னால் நகர்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"சீசன் கடைசி. ஆர்டர் அவசரம், வேகமா மருந்து அடைங்கன்னு இவ வேல பாத்த பட்டாசுக் கம்பெனியில நெருக்குனாக," என்றார் நாகையா. "ஒரு ரூம்தான் வெடிச்சது. உசுர்ச்சேதம் இல்ல. அதனால பேப்பர்லகூட வரல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டே மககிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனா தம்பி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க மருமகன்கிட்டச் சொல்லுவீக. அவரால அவகிட்ட மறைக்க முடியாது. இவ இந்தக் கோலத்துல கேமரா முன்னால நின்னா, அந்தப் புள்ள வயித்துல இருக்கறது தங்குமா?"

"பொறந்த பெறகு?"

நாகையா மனைவியைப் பார்த்தார். அய்யம்மாள்தான் கேட்டாள்.

"தம்பி, எங்கொரல் மாறலைல்ல? போன்ல கேட்டா ஒண்ணும் தெரியாதுல்ல?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அந்த நேரம் பார்த்து அவன் செல்போன் அடித்தது. இசைவாணிதான்.

"அண்ணே, வீட்டுக்குப் போயிட்டீகளா? மோடம் மாட்டியாச்சா? அம்மாவ வந்து உக்காரச் சொல்லுங்க, நான் இங்கன கம்ப்யூட்டர் முன்னாலதான் இருக்கேன்."

அய்யம்மாள் அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாகையா உட்கார்ந்தபடியே முனியராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

முனியராஜ் சுவிட்சை அணைத்தான்.

"இல்லம்மா. கம்ப்யூட்டரும் சேந்து எரிஞ்சு போயிருச்சு," என்றான். "நானே என் கண்ணால பாத்துட்டேன்."