அரை நொடி

"கேமராவையும் எல்.இ.டி. திரையையும் சேர்க்க நீ குடுத்த கன்வர்ட்டர், படத்தை அரை நொடி லேட்டா காட்டுது. லேட் ஆவாததா குடுடா!" வில்லியனூர் கடையில் பெட்டியை மேசைமேல் எறிந்தார் ஏகாம்பரம்.

"இன்னா பெருசு, திருவிழாக் கூட்டத்துல அரை நொடியை எவன் பார்க்கப்போறான்?" கடைக்காரன் கலைவேந்தன் சிரித்தான். "செலியமேட்டு ஆட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ஆடுன பொண்ணுக்குத்தான் தாளமே வரல. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. மொதல்ல அவளை மாத்துங்க!"

ஏகாம்பரம் அவன் சட்டையைப் பிடித்தார்.

"அவ எம்பொண்ணுடா. பொறந்ததுலேருந்து காது கேக்காது. பின்னால ஒக்கார்ற மேளக்காரன் கையை, எதிர்ல இருக்கிற திரையில பார்த்துத்தான் காலெடுத்து வைக்கிறா. இப்ப சொல்லு, எதை மாத்தணும்?"