ஐந்தாவது டப்பா

குமரகுரு பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரே மாதத்தில் இது இரண்டாவது ஓட்டை. ஆய்வுக்கு ஆள் வருகிறது என்றால் சிலருக்கு வயிறு கலங்கும். இவருக்கு வயிறே காணாமல் போய்விட்டது.

"ராத்திரி பூரா பனியன் நனைய வேர்க்கு உங்களுக்கு. அப்படி என்னத்த எழுதித் தொலைச்சிய?" என்று காலையில்தான் மனைவி முத்துசெல்வி கேட்டாள்.

எழுதித் தொலைத்தது கொஞ்சநஞ்சமல்ல. காசநோயாளிகளைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் மாத்திரை கொடுத்து குணப்படுத்துவதற்காக, தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மூன்று வருடமாக வெளிநாட்டு நிதி வந்துகொண்டிருந்தது. எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம், எத்தனை பேர் குணமானார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் அனுப்புவது குமரகுருவின் வேலை. வீடு வீடாக ஏறி இறங்குவானேன் என்று அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து நோயாளிகளைக் கண்டுபிடித்தார். குற்றாலத்தில் தனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர்கள், புரோட்டா போட்டவர்கள், பழம் நிறுத்துக் கொடுத்தவர்கள் என்று தெரிந்த பெயரையெல்லாம் எழுதினார்.

அவருடைய நோயாளிகள் தங்கமானவர்கள். ஒரு வேளை மாத்திரையைக்கூட மறக்கவில்லை. ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஆறாவது மாதம் குணமானார்கள். நிதி கொடுத்தவர்களுக்குப் புல்லரித்துவிட்டது. இந்த அதிசயத்தை நேரில் பார்த்து வரச் சொல்லி ஸ்மிருதி என்ற ஆய்வு அதிகாரியை அனுப்பிவிட்டார்கள்.

ஸ்மிருதி நேற்றே ஐந்து பெயர்களை டிக் அடித்துக் கொடுத்துவிட்டாள். ஐந்து பேரும் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள். தங்களுக்குக் காசநோய் வந்து போனதே அவர்களுக்கு நேற்றுத்தான் தெரியும். ஒன்று பொய் என்று தெரிந்தாலும் குமரகுருவுக்கு வேலை போகும், கூடவே போலீஸும் வரும். செங்கோட்டைப் பக்கம் கூட்டிப்போய் நாட்டுக்கோழியும் புரோட்டாவும் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஐவரையும் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

ஸ்மிருதியின் முன்னால் நான்கு பேர் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக நின்றார்கள். பலவேசம் மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

"ஏலே, நீ குணமாயிட்ட ஆளுலே! எதுக்கு இருமுத?" என்று அவன் காதில் சீறினார் குமரகுரு.

"நோவு வந்தவன்னு அவங்க நம்பணும்லா அண்ணாச்சி?"

அந்த அம்மாள் நன்றாகவே நம்பிவிட்டாள். பேனாவை மூடினாள்.

"குணமானவருக்கு ஏன் சார் இவ்வளவு இருமல்? அஞ்சு பேருக்கும் சளி டெஸ்ட் எடுத்துடலாம். வாசல்ல நிக்கிற வேன்லயே லேப் இருக்கு."

குமரகுருவுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. நோயே வராதவர்களுக்குக் கிருமி எப்படி இருக்கும்? கிருமி இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அவர் சொன்ன பொய்க்கு அந்த அம்மாளே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள்.

அப்போது பலவேசம் மறுபடியும் இருமினான். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல். 'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?' என்று சுவரில் போஸ்டர் கேட்டது. அது குமரகுருவே எழுதிய போஸ்டர்தான். இந்தப் பயலுக்கு நிஜமாகவே நோய் இருந்து தொலைத்தால்?

சளியைத் திறந்த வெளியில்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. ஐந்து பேரும் ஆளுக்கொரு டப்பாவோடு கட்டடத்தின் பின்பக்கம் போனார்கள். குமரகுரு வழிகாட்டுவதுபோல் கூடவே போனார். பலவேசத்தின் டப்பாவைப் பிடுங்கினார்.

"நீ துப்பாண்டாம். அந்த மாமரத்துக்குப் பின்னால சும்மா நில்லு."

ரொம்ப நாளாகவே அவர் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டுதான் இருந்தது. பொய் எழுதுகிறவனுக்குத் தொண்டை அடைக்காதா என்ன? ஒரு காறு காறினார். வேண்டிய அளவு வந்தது. மூடியைத் திருகி, 'பலவேசம்' என்ற லேபிளைத் தடவிவிட்டு, ஐந்தாவது டப்பாவாக அதையும் வேனில் வைத்தார்.

முடிவு வரும்வரை எல்லோரும் டீ குடித்தார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பலவேசத்துக்கு இருமல் சுத்தமாக நின்றிருந்தது.

"எங்க ஊர் கோயில் கொடையில நாடகம் போட்டப்ப, சாகக் கிடக்க ராஜாவா இருமுனவனாக்கும் நான்" என்று மற்றவர்களிடம் மெதுவாகப் பீற்றிக்கொண்டிருந்தான்.

வெறும் நடிப்புத்தானா? அநாவசியமாகப் பயந்துவிட்டோமே என்று குமரகுரு தன்னையே திட்டிக்கொண்டார். இருந்தாலும் அவருக்கு மூச்சு இப்போதுதான் சீராக வந்தது. இன்னும் மூன்று வருடத்துக்கு நிதி நிச்சயம்.

ஸ்மிருதி காகிதத்தோடு உள்ளே வந்தாள்.

"நாலு பேருக்குக் கிருமி இல்லை. பலவேசத்துக்கு இருக்கு." அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "நிறையவே இருக்கு."

பலவேசம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கோழி, புரோட்டா எல்லாம் அவனுக்கு மறந்துபோனது.

"எம்மா! நான் துப்பவே இல்லம்மா! எனக்குப் பதிலா அண்ணாச்சில்லா துப்புனாவ!"

குமரகுரு தன்னையறியாமல் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். சுவரில் அவர் எழுதிய போஸ்டரின் மீதி வரிகள் தெரிந்தன. 'உடல் மெலிகிறதா? இரவில் வியர்க்கிறதா? உடனே எங்களிடம் வாருங்கள்.'

ஸ்மிருதி பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"போலீஸ் கேஸை அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல மாத்திரை" என்று சொல்லிப் பதிவேட்டைத் திறந்தாள்.

மூன்று வருடத்தில் அந்தத் திட்டம் உண்மையாகவே கண்டுபிடித்த முதல் நோயாளியை அவள் தன் கையால் எழுதினாள்: குமரகுரு, வயது நாற்பத்தாறு.