ஏசிக்குப் பின்னால்

"அந்த ஏசிய நிறுத்துங்க அண்ணாச்சி." முதலாளியிடம் கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லிவைத்ததைத்தான் நந்திதா கேட்கிறாள். லேக் மார்க்கெட் ஓட்டலின் கூடம் குளுகுளுவென்றிருக்கிறது. ஏசி வெளியே கக்கும் அனலெல்லாம் உறுமிக்கொண்டு சமையற்கட்டுக்குள் பாய்கிறது. ஊரே நாற்பத்தோரு டிகிரியில் வேகிறது. தோசைக்கல் முன்னால் நிற்கும் அம்மா செல்வராணிக்கு வியர்வைகூட நின்றுபோய் முகம் செங்கல்லாய்க் காய்ந்திருக்கிறது. "நிறுத்துனா கஸ்டமர் எந்திரிச்சுப் போயிருவாங்கம்மா. காலேஜ் முடிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?" என்கிறார் முதலாளி முத்துகிருஷ்ணன். "உங்க நாற்காலிய இங்க அடுப்புப் பக்கத்துல போட்டு அரை மணி நேரம் உக்காருங்க. அப்புறம் பேசுவோம்." அவர் சிரிக்கிறார். "வாய மூடுடி, வேலை போயிரும்," அம்மாவின் குரல் வெறும் காற்றாக வருகிறது. "இன்னும் மூணு தோசை பாக்கி." நந்திதா அடுப்பை அணைக்கிறாள். பாதி வெந்த தோசை கல்லிலேயே கிடக்க, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்களின் நடுவாகவே நடந்து தெருவில் இறங்குகிறாள்.